பச்சைக் கம்பி

2024 ஜூன் 10, திங்கள்

ஜோவிட்டா வந்தாள். என் வீட்டுக்காரி ரெஜினாவின் தம்பி இசிதோரின் மகள். சென்னையிலிருந்து வரும்போதெல்லாம் பின்வாசல் வழியாக வந்து அத்தையைப் பார்த்துவிட்டுப் போவாள். அந்த நேரத்தில் நான் பட்டறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். இன்று அவள் நேராகப் பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, பேஸ் கிட்டாருக்கு ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையர் வேணும். முந்நூறு வாட்ஸ்."

"கடையில போய் வாங்கு. இப்ப தலையணை கனத்துல விக்கானே."

"அது கிடக்கு. அதுல வாசிச்சா காதுல விழுது. நெஞ்சுக்குள்ள எறங்கல."

"யாரு உன்னைய இங்க அனுப்புனா?"

"அப்பாதான். செய்யணும்னா அந்தாளுதான் செய்யணும்னாங்க."

"அந்தாளா?"

"அப்படித்தான் சொன்னாங்க. பேரெல்லாம் சொல்லல."

ஆகஸ்ட் மூன்றாம் தேதி கோவில் திருவிழாவில் அவளுடைய குழு வாசிக்கிறதாம். கடற்கரை மைதானத்தில், அதே மேடையில். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எத்தனை வால்வு போடலாம்னு நெனைக்கே?" என்று கேட்டுவிட்டேன்.

"ஆறு."

சரியான எண்ணிக்கை. யாரிடம் படித்தாளோ.

ஜூன் 11

எனக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. எட்டாம் வகுப்போடு சரி. துறைமுகத்தில் பழைய கப்பல்களிலிருந்து கழற்றிப் போட்ட ரேடியோக்களை எடைக்கு வாங்கி, பிரித்துப் பிரித்துப் படித்தேன். தூத்துக்குடியில் முதன்முதலில் கண்ணாடிக் குழல் வால்வுகளை வைத்து நூறு வாட்ஸ் ஆம்ப்ளிஃபையர் பெட்டி செய்தவன் நான். இன்று வரைக்கும் ஒருவரும் அதைச் சொல்வதில்லை. சொல்லாவிட்டால் போகட்டும்.

இந்தக் குறிப்பேட்டில் வேலையைப் பற்றி மட்டும் எழுதுவதாக இருக்கிறேன். பழைய கதையை ஒரே முறை எழுதி முடித்துவிடுகிறேன். 1986 திருவிழாவில் இசிதோர் என் பெட்டியில் பேஸ் வாசித்தான். குடித்திருந்தான். முகம் கழுவிய ஈரக் கையோடு மைக்கைப் பிடித்தான். ஷாக் அடித்தது. இடது கை தந்தியோடு ஒட்டிக்கொண்டது. மோதிர விரலும் சுண்டு விரலும் கருகி மடங்கிப்போயின. குடித்திருந்தான் என்பதை அன்றைக்கே பங்குச்சாமியாரிடம் சொன்னேன். இன்றும் அதையேதான் சொல்வேன்.

ஜூன் 17

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் சுற்ற ஆரம்பித்தேன். வால்வின் சக்தியை ஸ்பீக்கருக்குக் கொண்டுசேர்ப்பது இதுதான். பேஸுக்கு என்றால் இரும்பு நிறைய வேண்டும். பதினோரு கிலோ. கம்பியை அடுக்கடுக்காகச் சுற்றி ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே காகிதம் வைக்க வேண்டும். ஒரு சுற்று ஏறிக்கொண்டாலும் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து. இன்று இரண்டு முறை அவிழ்த்தேன். கண் மட்டும்தான் பிரச்சினை, கை நடுங்கவில்லை.

ரெஜினா காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"அவனுக்கா செய்யுதீக?"

"அவன் மகளுக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூன் 18

தூறல். சுற்றிய கம்பியில் ஈரம் இறங்காமலிருக்கப் பூசிய வார்னிஷ் காயவில்லை. காயும்வரை தொட மாட்டேன்.

ஜூன் 24

வால்வுகளைப் பொருத்தும் சேஸிஸ் தகரத்தை ஜோவிட்டா வெட்டிக் கொண்டுவந்தாள். துளைகளெல்லாம் அளவாக இருந்தன. ஒரே ஒரு துளை அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. காட்டினேன். "அரை மில்லிமீட்டரா மாமா?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அவளிடம் ஒரு ஒலிநாடா இருக்கிறதாம். 1985இல் யாரோ பதிவு செய்தது. சின்ன வயதில் அதைப் போட்டுப் போட்டு, தேய்ந்தே போய்விட்டதாம். "அப்பா வாசிச்சு நான் நேர்ல பாத்ததே இல்ல. அந்தச் சத்தம் மட்டும்தான் என்கிட்ட இருக்கு. அது உங்க பெட்டிச் சத்தம். அந்தப் பழைய பெட்டி எங்க மாமா? அளவு பாக்கலாம்ல?"

"பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டாச்சு. எப்பமோ."

ரெஜினா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். கட்டில் இருக்கும் அறைப் பக்கம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ஜூன் 25

பழைய இரும்புக்குப் போடவில்லை. கட்டிலுக்கு அடியில் தார்ப்பாயில் சுற்றிக் கிடக்கிறது. 1986 ஆகஸ்ட்டில் நானே சுற்றி வைத்தது. அன்றிலிருந்து பிரிக்கவில்லை. எதற்குப் பிரிக்க வேண்டும்? அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 4

இன்று ஆம்ப்ளிஃபையர் வேலை இல்லை. கிணற்றடியில் புதிதாக எர்த் குழி தோண்டினேன். எட்டடி. நான் நாலடி தோண்டினேன், மீதியைத் தோண்ட ஆள் கூப்பிட வேண்டியதாயிற்று. குழாய் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டினோம். மண்ணுக்குள் மின்சாரம் சுலபமாக இறங்குவதற்கு உப்பு வேண்டும். தோண்ட வந்தவர் கேட்டார், "அண்ணாச்சி, வீட்டுல ஏற்கெனவே எர்த் இருக்குல்லா?"

"இருக்கு."

"பெறகு எதுக்கு இன்னொண்ணு?"

"ஒம்ம வேலையப் பாரும்."

ஊரைச் சுற்றி உப்பளம். மலை மலையாக உப்பு. மேடைக்குப் பின்னால் ஒரு குழி வெட்டி ஒரு கூடை உப்பு போட அன்று எவனுக்கும் தோன்றவில்லை. யாரையும் மனதில் வைத்து இதை எழுதவில்லை.

ஜூலை 9

முதல் சோதனை. நேராகக் கரண்ட் கொடுக்கக் கூடாது. நடுவில் ஒரு நூறு வாட்ஸ் குண்டு பல்பைத் தொடராக இணைக்க வேண்டும். உள்ளே எங்காவது கோளாறு இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், பெட்டி தப்பிக்கும். ஒழுங்காக இருந்தால் ஒரு கணம் எரிந்து மங்கிவிடும்.

பளிச்சென்று எரிந்தது. அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் தேடினேன். ஒரு கண்டென்சரைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். ஐம்பது வருடத்தில் இப்படிச் செய்ததில்லை. ஜோவிட்டா பார்த்துவிட்டாள். ஆனாலும் பார்க்காததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அவள் அப்பனும் அப்படித்தான். நான் தப்புச் செய்யும்போது வேறெங்கோ பார்ப்பான்.

சரி செய்து மறுபடி போட்டேன். பல்பு மங்கியது. ஆறு வால்வும் ஒவ்வொன்றாகச் சிவந்தன.

ஜூலை 12

வாசித்தாள். வார்த்தையில் எழுத வராது. அலமாரியில் ரெஜினாவின் எவர்சில்வர் தம்ளர்கள் நடுங்கின. ஒரு தந்தியை அடித்துவிட்டுக் கையை எடுத்தாள். சத்தம் தரை வழியாக வந்து என் முழங்காலில் ஏறியது. ரெஜினா சேலை முந்தானையை வாயில் வைத்தபடி அடுப்படி வாசலில் நின்றாள்.

"அவன் வாசிக்க மாதிரியே இருக்கு" என்றாள்.

நான் பட்டறைக்குள் போய் ஸ்க்ரூக்களை எண்ணி டப்பாவில் போட்டேன்.

ஜூலை 20, சனி

இதை எழுதலாமா என்று மதியத்திலிருந்து யோசிக்கிறேன்.

பள்ளி மண்டபத்தில் ஒத்திகை. முப்பத்தாறு கிலோப் பெட்டியை நாலு பேர் தூக்கி வைத்தார்கள். பெட்டியிலிருந்து ஒரு ஒயர் மைக் செட்டுக்கும் போகிறது. அதை இணைத்ததும் உம்மென்று ஓர் இரைச்சல். எனக்குக் காரணம் தெரியும். பெட்டிக்கு ஓர் எர்த், மைக் செட்டுக்கு ஓர் எர்த். இரண்டும் ஒயர் வழியாகச் சந்திக்கும்போது அப்படித்தான் இரையும்.

வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இரைச்சல் இல்லை. மண்டபம் கழுவிவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. ஜோவிட்டா மைக்குக்கு முன்னால் நின்று கிட்டாரை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எப்படிப் போச்சு?" என்றேன்.

மைக் செட்காரர் கட்டை விரலை உயர்த்தினார். "நாங்க எப்பமும் செய்யதுதான் ஐயா. எர்த் பின்ல ஒரு சுத்து டேப்பு. அம்புட்டுதான்."

ஓடினேன். என் வயதில் அப்படி ஓடக் கூடாது. பிளக்கை ஒயரோடு பிடுங்கினேன். வால்வுகள் அணைந்தன. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"எவன்லே எர்த்தை எடுத்தது? எவன் எடுத்தான்?"

"மாமா, நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றாள் ஜோவிட்டா. "எல்லா மேடையிலயும் இப்படித்தான் செய்யுவாங்க. இதுக்குப் போயி ஏன் இப்படி..."

"ஒங்கப்பன் கை இப்படித்தான் போச்சு!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

அவள் கிட்டாரைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். "அப்பா குடிச்சிட்டு ஈரக் கையால தொட்டாங்கன்னுல்ல சொன்னீங்க?"

பிடுங்கிய ஒயரை நான் கையில் சுற்ற ஆரம்பித்தேன்.

"எர்த்தை யாரு மாமா எடுத்தா?"

அவள் என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள். "நான் அப்பாட்ட சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். சொல்லுத வரைக்கும் இந்தப் பெட்டி எனக்கு வேண்டாம்."

பெட்டி பட்டறைக்கே திரும்பி வந்துவிட்டது.

ஜூலை 21, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தார்ப்பாயைப் பிரித்தேன்.

பெட்டியின் தகரத்தை உப்புக்காற்று அரித்திருந்தது. டிரான்ஸ்ஃபார்மரின் கம்பிக்கும் இரும்புக்கும் நடுவே கசிவு இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தேன். இருக்கிறது. முள் முழுவதும் சாய்ந்தது. அந்த வருடம் திருவிழா நெருங்கிவிட்டது என்று வார்னிஷ் காய்வதற்கு முன்பே பூட்டினேன். கடற்கரை ஈரம் உள்ளே இறங்கியிருக்கிறது. கம்பியில் ஓடவேண்டிய கரண்ட் தகரத்துக்கு வந்திருக்கிறது. தகரமும் கிட்டார் தந்தியும் ஒன்றோடு ஒன்று சேர்ந்தவை. எர்த் உள்ள மைக்கை அவன் தொட்டதும் அது அவன் உடம்பு வழியாகப் பாய்ந்திருக்கிறது. எர்த் இருந்திருந்தால் அந்தக் கரண்ட் மண்ணுக்குள் போயிருக்கும், ஃபியூஸ் போயிருக்கும், பாட்டு பாதியில் நின்றிருக்கும். அவ்வளவுதான். பாட்டு நின்றிருக்கும்.

பிறகு பிளக்கைத் திறந்தேன். கறுப்பு பிளக், மூன்று பின். உள்ளே பச்சைக் கம்பி வெட்டப்பட்டு, மடக்கி, துணி டேப் சுற்றி இருந்தது. டேப்பின் நுனியை உள்பக்கமாக மடித்து ஒட்டியிருந்தது. ஊரில் அப்படி ஒட்டுகிறவன் நான் ஒருவன்தான்.

அன்று மாலை ஐந்து மணிக்கு மேடையில் பெட்டி இரைந்தது. பங்குச்சாமியார் கூட்டத்துக்கு முன்னால் மைக்கில் கேட்டார், "என்ன கஸ்பார், உன் பெட்டி செபமாலை சொல்லுதோ?" ஊரே சிரித்தது. மதராஸிலிருந்து கம்பெனிப் பெட்டி கொண்டுவந்திருந்த ஆள் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். அந்த இரைச்சலுக்கு முறையான வைத்தியம் எனக்குத் தெரியும். ஒயரின் நடுவில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர். அதைச் சுற்ற அரை நாள் வேண்டும். கச்சேரி ஆறு மணிக்கு. கத்தரிக்க ஒரு நிமிடம் போதும்.

தெரியாமல் செய்தேன் என்று எழுதலாமென்று இந்தப் பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் இருந்தேன். தெரிந்துதான் செய்தேன். அவனை வண்டியில் ஏற்றியபோதே எனக்குத் தெரியும். பெட்டியைத் தார்ப்பாயில் சுற்றி வைத்துவிட்டு நேராகச் சாமியாரிடம்தான் போனேன்.

ஜூலை 23

பழைய பெட்டியின் தகரத்தைத் துடைத்து எண்ணெய் போட்டேன். வேறு வேலை இல்லை.

ஜூலை 26, வெள்ளி

இசிதோர் வீட்டுக்குப் போனேன். உப்பளச் சாலையில் கடைசி வீடு. கை போன பிறகு உப்பு வியாபாரி ஒருவரிடம் எடை போடும் வேலைக்குப் போனான். அங்கேயே ஓய்வும் பெற்றான். கோவில் பாடகர் குழுவில் அவனை மறுபடி சேர்க்கவில்லை. வலது கையால் தாளமாவது தட்டுகிறேன் என்று கேட்டானாம். குடிகாரனைப் பீடத்துக்குப் பக்கத்தில் நிறுத்த முடியாது என்றார்களாம்.

முற்றத்தில் செய்தித்தாளை விரித்து இறால் உரித்துக்கொண்டிருந்தான். இடது கையின் மூன்று விரலால் பிடித்து, வலது கையால் உரித்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"வாங்க அத்தான்" என்றான், போன வாரம்தான் வந்துபோனவனைக் கூப்பிடுவதுபோல.

பிளக்கை எடுத்து இறால் தோலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"என்னது இது?"

"அந்தப் பெட்டியோட பிளக்கு. தெறந்து பாரு."

திறந்து பார்த்தான். பச்சைக் கம்பியை விரலால் நிமிர்த்தினான். அவனுக்கும் இந்த வேலை கொஞ்சம் தெரியும். நான் சுற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து கம்பி கொடுத்தவன்தானே.

"யாரு வெட்டுனது?"

"நான்தான். நீ சட்டை மாத்திக்கிட்டு இருந்தே."

அவன் மூன்று இறால் உரித்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பம் நான் குடிச்சதுனால இல்லையா?"

"இல்ல."

"ஈரக் கை?"

"ஈரம் கொஞ்சம் கூட்டியிருக்கும். ஆனா கசிவு டிரான்ஸ்ஃபார்மர்ல. எர்த் இருந்திருந்தா ஃபியூஸ் போயிருக்கும். அந்த ஃபியூஸ் அஞ்சு ஆம்பியர்..." நான் விளக்கிக்கொண்டே போனேன். நிறுத்தத் தெரியவில்லை. அவன் கையை உயர்த்தினான், அந்தக் கையை.

"அன்னைக்கி மத்தியானம் ஒரு கல்யாண வீட்டுல ஒரு கிளாஸ் பீரு குடிச்சேன் அத்தான். ஒரே ஒரு கிளாஸ். சாயங்காலத்துக்குள்ள எறங்கிப் போச்சுன்னுதான் நெனைச்சேன். நீங்க சொன்ன பெறகு, எறங்கலபோலன்னு நெனைச்சுக்கிட்டேன். அத்தான் பொய் சொல்ல மாட்டாகன்னு."

அவன் அடுத்த இறாலை எடுத்தான்.

"வருசா வருசம் ஈஸ்டருக்கு முந்தி தவசு காலத்துல பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன். சாமி, கடவுள் குடுத்த கையக் குடிச்சிக் கெடுத்துட்டேன்னு சொல்லுவேன். முப்பத்தெட்டு தவசு. எத்தனையோ பங்குச்சாமி மாறியாச்சு. எல்லாரும் மன்னிச்சிட்டாங்க." பிளக்கை மூடி என்னிடம் நீட்டினான். "யாரு பாவத்த அத்தான் அவங்க மன்னிச்சாங்க?"

பிளக்கை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வாசலுக்கு வந்தபோது பின்னாலிருந்து கேட்டான். "இரைச்சல் போச்சா அன்னைக்கி?"

"போச்சு."

"ம். சுத்தமா இருந்துச்சு. எனக்கு ஞாபகம் இருக்கு."

மன்னிப்பு என்ற வார்த்தையை வீட்டிலிருந்தே வாயில் வைத்துக்கொண்டு போனேன். கசிவைச் சொன்னேன், ஃபியூஸைச் சொன்னேன், ஆம்பியர் கணக்குகூடச் சொன்னேன். அதை மட்டும் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.

ஜூலை 29

ஜோவிட்டா வண்டியோடு வந்தாள். அப்பா பெட்டியை எடுத்துவரச் சொன்னாராம். வேறு ஒன்றும் சொன்னாரா என்று கேட்டேன். இல்லை என்றாள். இரைச்சலை எடுக்கிற சின்ன டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றி முடித்திருந்தேன். அரை நாள்தான் ஆனது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நேற்று நடந்தது.

மேடைக்குப் பின்னால் மணலில் எர்த் குழாயை இறக்கி, உப்பும் கரியும் கொட்டி, மூன்று குடம் தண்ணீர் ஊற்றினேன். திருவிழாக் குழுவினர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மேடைமேல் பிளக்குக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இரைச்சலில் முக்கால்வாசியை எடுத்துவிட்டது. கால்வாசி மிச்சம் இருந்தது. அந்த இடத்து வயரிங் அப்படி.

ஐந்தரை மணிக்கு இசிதோர் வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. என்னைப் பார்க்கவில்லை. மேடைப் படிக்குப் பக்கத்தில் மகளைப் பார்த்தபடி நின்றான். திருவிழாக் குழுவினர் சிலர் அங்கே இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் பழைய ஆட்கள், 1986இல் சிரித்தவர்கள்.

இப்போதைய பங்குச்சாமியார் இளைஞர். பெட்டிக்கு அருகே வந்து காதைக் கொடுத்தார். "கொஞ்சம் இரையுதே ஐயா. நிறுத்த முடியாதா?"

"முடியும் சாமி" என்றேன். எழுந்து நின்றேன். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். "எண்பத்தாறுல இதே எடத்துல நிறுத்துனேன். எர்த் கம்பிய வெட்டி நிறுத்துனேன். அதுக்கு இவன் கை போச்சு. இவன் குடிச்சிருந்தான்னு அப்ப இருந்த சாமிட்ட சொன்னேன். பொய் சொன்னேன். இவன் குடிக்கல."

அந்த இரண்டு பேரில் ஒருவர் மணலைப் பார்த்தார்.

"ஒரு கிளாஸ் குடிச்சேன் சாமி" என்றான் இசிதோர்.

"அது சேத்தி இல்ல" என்றேன்.

"குடிச்சத குடிச்சேன்னுதான் சொல்லணும்."

"மன்னிச்சிரு மாப்ள."

அவன் அதற்குப் பதில் சொல்லவில்லை. படியேறி வந்தான். ஆறு வால்வும் சிவந்து நின்றன. ஒரு கணம் பெட்டியைப் பார்த்தான். பிறகு பிளக்கைப் பார்த்தான். மூன்று பின்னும் உள்ளே இருந்தன. இடது கையை விரித்து, விரிகிற மூன்று விரலையும் விரியாத இரண்டு விரலையும் தகரத்தின் மேல் வைத்தான்.

நான் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்து பிளக்கின் மேல் கை வைத்தேன்.

"இரையுது" என்றான்.

"ஆமா."

"இருக்கட்டும்."

ஜோவிட்டா வாசிக்க ஆரம்பித்தாள். அவன் கீழே இறங்கவில்லை. தொடையின் மேல் அவன் வலது கை விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. இடது கை மட்டும் பெட்டியின் மேல் கடைசிப் பாட்டு வரை அசையாமல் கிடந்தது. நான் பிளக்கை விட்டு எழுந்திருக்கவில்லை.